இந்தியாவில் வாழும் அரபு மக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னை, ஹைதராபாத், புனே, பெங்களூரு நகரங்களில் சிகிச்சைக்கும் படிப்புக்கும் வந்து தங்கும் அரபு நாட்டவர் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, எல்லோரையும் ‘அரபுக்காரர்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டுத்தான் தொடங்குகின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏமன்காரரா, ஈராக்கியரா, சூடானியரா, ஓமானியரா என்பதைப் பொறுத்து விசா மாறும், தூதரகம் மாறும், பேச்சுமொழி மாறும், காலை உணவுகூட மாறும். ஹைதராபாத்தின் பார்க்காஸ் பேட்டையில் தலைமுறைகளாக இருக்கும் அரபுக் குடும்பமோ நம்மைப் போல ஓட்டுப் போடும் இந்தியக் குடும்பம். அதனால் ‘எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு வந்திருக்கும் ஏமன் குடும்பம் எங்கள் மாடிப் பகுதியை மூன்று மாதத்துக்கு வாடகைக்குக் கேட்கிறது. கொடுக்கலாமா? என்ன நடைமுறை?
– வீட்டு உரிமையாளர், ஆயிரம் விளக்கு, சென்னை

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எவரும், அது ஓட்டலானாலும் மேன்ஷனானாலும் சொந்த வீட்டு மாடியானாலும், அவர்கள் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு, அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு, தகவல் தர வேண்டும். எல்லோரும் ‘சி படிவம்’ என்று சொல்வது இதைத்தான். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கடமை புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ‘வாடகையே வாங்கவில்லை, தெரிந்தவர் என்று தங்கவைத்தேன்’ என்றாலும் தகவல் தந்தே ஆக வேண்டும்.

படிவத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். அதற்கு உங்கள் வீட்டு முகவரியின் பேரில் ஒரு கணக்கு வேண்டும். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து விண்ணப்பித்தால், அலுவலகம் சரிபார்த்த பிறகுதான் கணக்கு திறக்கும். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. குடும்பம் வந்து இறங்கிய பிறகு கணக்குக்கு விண்ணப்பித்தால், ஒப்புதல் வருவதற்குள் 24 மணி நேரம் ஓடிப்போய்விடும். வெளிநாட்டவருக்கு வீடு விடும் எண்ணம் இருந்தால் இன்றே கணக்கைத் திறந்து வைத்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு படிவம். கைக்குழந்தைக்கும் தனியாக. பெயரில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அரபுப் பெயரில் சொந்தப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியில் குலப்பெயர் என்று வரிசையாக வரும். இதில் எது குடும்பப் பெயர் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறிகள் கலந்த இரண்டு வரிகள் இருக்கும். அதில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான பிறகும் அரபுப் பெண்கள் தகப்பன் வழிப் பெயரையே வைத்திருப்பார்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் வராததைப் பார்த்து, ‘இவர்கள் தம்பதிதானா?’ என்று கேட்டு அவமானப்படுத்தி அனுப்பிய வீட்டுக்காரர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த தவறு தேதி. இந்தியாவுக்குள் வந்த தேதி வேறு, உங்கள் வீட்டுக்கு வந்த தேதி வேறு. முதலாவதைப் பாஸ்போர்ட்டில் விழுந்திருக்கும் குடியேற்ற முத்திரையைப் பார்த்து எழுதுங்கள். விசா வகையையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மருத்துவ விசாவில் வரும் நோயாளியோடு உதவியாளர் விசா இரண்டு பேருக்குத்தான் கிடைக்கும். மூன்றாவதாக வந்திருக்கும் மாமா சுற்றுலா விசாவில் வந்திருக்கலாம். அவருடைய கெடு முன்னதாகவே முடிந்துவிடும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.விலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்கும் விசா நீட்டிப்புக்கும் உங்கள் சி படிவமும் வாடகை ஒப்பந்தமும் தேவைப்படும். அச்சிட்டு ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். காலி செய்துகொண்டு போகும்போது அதே கணக்கில் வெளியேறியதையும் பதிவு செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஏட்டில் அவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். முன்பணம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டவர், அவசரத்தில் இருக்கிறார் என்பதற்காக வாடகையை இரட்டிப்பாக்குவதும், பாஸ்போர்ட்டை ‘பாதுகாப்புக்கு’ வாங்கிப் பீரோவில் பூட்டுவதும் இந்த நகரத்தில் நடக்கிற இரண்டு அநியாயங்கள். பாஸ்போர்ட் அந்த நாட்டு அரசின் சொத்து. நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அவர்களுக்குத் தினமும் அது தேவை.

நான் மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஈராக் நோயாளி பேசுவது பாதிகூடப் புரியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், வாணியம்பாடி

உங்கள் படிப்பில் குறை இல்லை. நீங்கள் ஓதியது நூல் அரபி. அவர்கள் பேசுவது வீட்டு அரபி. உங்கள் அரபியை அவர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்கள் பதில்தான் உங்களுக்கு எட்டாது. ஆகவே கேட்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். நாடு வாரியாகப் பிரித்துப் படியுங்கள். ஈராக்கியர், சூடானியர், சனா பக்கத்து ஏமனியர் எல்லோரும் ‘காஃப்’ (ق) எழுத்தைக் ‘கங்கை’யில் வரும் இரண்டாவது ககரம் போல மென்மையாக ஒலிப்பார்கள். எகிப்தியர் அதை விழுங்கிவிடுவார்கள். ‘கல்ப்’ வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அது இதயம் என்று பிடிபடுவதற்கு இந்த ஒரு விதி போதும். ‘இப்போது’ என்பதற்கு நீங்கள் ‘அல்ஆன்’ என்பீர்கள். ஈராக்கியர் ‘ஹஸ்ஸா’ என்பார், வளைகுடாக்காரர் ‘அல்ஹீன்’, எகிப்தியர் ‘தில்வஃத்தி’. ‘வலி எப்போதிலிருந்து?’ என்று கேட்கிற இடத்தில் இந்தச் சொற்கள்தான் முதலில் வரும்.

எண்களில் மிகுந்த கவனம் தேவை. அரபியில் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்லிப் பத்தாம் இடத்தைப் பிறகு சொல்வார்கள்: இருபத்தைந்து என்பது ‘ஐந்தும் இருபதும்’. வேகமாகப் பேசும்போது தமிழ்க் காது அதை ஐம்பத்திரண்டாகப் பிடித்துவிடும். மருந்து அளவைச் சொல்லும்போது வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் காட்டி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்திலும் ஒரு பொறி உண்டு. ஏமன், ஈராக், சூடான் மருத்துவச் சீட்டுகளில் கையால் எழுதியிருக்கும் அரபு எண்களில் ஐந்து நம் பூஜ்யம் போலவே வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு நம் ஏழைப் போல இருக்கும். பழைய சீட்டைப் பார்த்து, அரபி தெரியாத நர்ஸ் தானாக வாசித்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

மாதப் பெயர்களும் அப்படியே. ஏமனியரும் சூடானியரும் ‘யனாயிர், ஃபிப்ராயிர்’ என்பதால் சிக்கல் இல்லை. ஈராக்கியர் வேறு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: பிப்ரவரி ‘ஷுபாத்’, அக்டோபர் ‘திஷ்ரீன் முதலாவது’, நவம்பர் ‘திஷ்ரீன் இரண்டாவது’, டிசம்பர் ‘கானூன் முதலாவது’, ஜனவரி ‘கானூன் இரண்டாவது’. அறுவை சிகிச்சை நடந்தது கானூனில் என்றால் எந்தக் கானூன் என்று கேட்டே ஆக வேண்டும்; ஆண்டே மாறிவிடும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை நோயாளி வெட்கத்தில் விழுங்கிவிடுவார். ஏமனியரிடம் ‘காத்’ இலை மெல்லும் பழக்கம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மயக்க மருந்து நிபுணர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஏமனில் அது அன்றாடப் பழக்கம்; அதில் உள்ள வேதிப்பொருளோ இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. ஊரிலிருந்து யாரிடமும் கொடுத்துவிடச் சொல்லக் கூடாது என்பதையும் எச்சரித்துவிடுங்கள். சூடான், ஏமன் பெண்கள் விரல் நுனியில் கறுப்பு மருதாணி வைத்திருந்தால், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். காதுமடலில் மாட்டச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குப் போகும் பெண்ணின் முக்காட்டில் குண்டூசி இருக்கும். பெண் நர்ஸ் ஒருவர் தனியறையில் பார்த்து எடுத்துவிட்டு, ஊசி இல்லாத துணியைக் கட்டிவிடட்டும்.

‘இன்ஷா அல்லாஹ்’ என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, தெளிவான பதில் வாங்க வேண்டும். குடும்பத்தார் ‘புற்றுநோய் என்று அவரிடம் சொல்லாதீர்கள்’ என்று உங்களைக் கெஞ்சுவார்கள். அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். அவர்கள் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் தீர்மானிக்கட்டும்.

கமிஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயாளியை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த மருந்துக்கடைக்கு, எந்த விடுதிக்கு அழைத்துப் போனாலும் கமிஷன் தருகிறோம் என்று உங்களை அணுகுவார்கள். அதை வாங்கிய நிமிடத்தில் நீங்கள் நோயாளியின் குரலாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறீர்கள். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து வந்திருக்கும் குடும்பம் அது. உங்கள் கூலியை நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி, அவர்களுக்குத் தெரிய வாங்குங்கள்.

சிகிச்சைக்கு வருகிறவர்கள் டாலர் நோட்டாகவே கொண்டுவருகிறார்கள். இது சரியா?
– மருத்துவமனை ஊழியர், வேலூர்

வங்கிகள் முடங்கிய நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பல நேரம் வேறு வழியில்லை. கொண்டுவரலாம். நோட்டாக 5,000 டாலருக்கு மேலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் அறிவிப்புப் படிவம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வெளியே வந்துவிட்டால், பிறகு மாற்றும் இடத்திலும், மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போகும்போதும் பதில் சொல்ல முடியாது. அரபி மட்டுமே தெரிந்த முதியவர் அந்த மேசையைத் தாண்டி வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே அரபியில் ஒரு செய்தி அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.

நோட்டை அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். விடுதி வாசலில் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வருகிறவரிடம் ரசீது இருக்காது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு முதல்நாள் மாலை ரொக்கப் பையோடு கவுன்டருக்கு வந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். முன்பணத்தை முடிந்தவரை ஊரிலிருந்தே வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கி வழி என்றால் கிழமையைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஈராக்கிலும் ஓமானிலும் வெள்ளி, சனி வார விடுமுறை. நமக்கு ஞாயிறு, பல சனிக்கிழமைகளும் சேர்ந்து விடுமுறை. வியாழன் பிற்பகலில் அங்கே கிளம்பாத பணம் திங்கள்கிழமைக்கு முன் இங்கே வராது. வளைகுடாவில் அமீரகம் மட்டும் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஈராக்கும் ஏமனும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், ஓமானும் அமீரகமும் ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் காலை பத்து மணிக்கு பாக்தாத்தில் வங்கிக் கதவு திறந்திருக்காது.

எங்கள் கல்லூரியில் படிக்கும் சூடான் மாணவரின் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. ஊரில் போர். அவருக்கு எப்படி உதவலாம்?
– பேராசிரியை, கோயம்புத்தூர்

முதல் வேலை டெல்லியில் உள்ள சூடான் தூதரகத்துக்கு இன்றே எழுதுவது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் விசா நீட்டிப்பு நகராது. விண்ணப்பித்த ரசீதையும் கல்லூரியின் படிப்புச் சான்றிதழையும் வைத்துக்கொண்டு, விசா முடிவதற்கு முன்பே இணையத்தில் எஃப்.ஆர்.ஆர்.ஓ. விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். புதிய பாஸ்போர்ட் வந்ததும் அந்த எண்ணைப் பதிவில் மாற்ற வேண்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. விசா அதில்தான் ஒட்டியிருக்கிறது. விடுதியிலிருந்து வெளியே அறை எடுத்துப் போனால் முகவரி மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பணம் வருவது நின்றுபோனதால் இரவில் கடையில் நிற்கிறார் என்றால், கண்டிப்பதற்கு முன் கட்டணத்தைத் தவணையாக்கும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள். வங்கிக் கணக்குக்கு என்.ஆர்.ஓ. வகை, அதாவது இந்தியாவில் நிரந்தரமாகக் குடியிராதவர்களுக்கான ரூபாய்க் கணக்கு போதும். உள்ளூர் முகவரிச் சான்று கையில் இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் காட்டித் திறக்கலாம். முகவரியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க மாட்டார்கள், கணக்குக்கு மொத்தமாக 50,000 ரூபாய் என்ற வரம்பும் உண்டு.

படிப்பு முடிந்தும் ஊர் திரும்ப முடியாத நிலை வந்தால், டெல்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அந்த அட்டை விசாவுக்கு ஈடாகாது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஹைதராபாத்தில் அரபுக்காரர்களுக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறதாமே? அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள்?
– வாசகி, ஆம்பூர்

பார்க்காஸைச் சொல்கிறீர்கள். சார்மினாருக்குத் தெற்கே, சந்திராயன்குட்டாவை ஒட்டிய பகுதி. அங்கே இருப்பவர்களின் முன்னோர் ஏமனின் தென்கிழக்கில் உள்ள ஹத்ரமௌத் பள்ளத்தாக்கிலிருந்து நிஜாமின் படைக்கு வந்தவர்கள். மழை பொய்க்கிற, குலச்சண்டை ஓயாத மண்ணிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்களுக்கு நிஜாமின் சம்பளம் பெரிய பிடிப்பு. நிஜாமுக்கோ, உள்ளூர்ப் பிரபுக்களின் பக்கம் சாயாத, வரி வசூலுக்கும் கோட்டைக் காவலுக்கும் அஞ்சாத ஆட்கள் தேவை. 19ஆம் நூற்றாண்டில் அவர்களின் தலைவர்களான ஜமேதார்கள் நிஜாமின் அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள்.

அந்தப் பணம் திரும்பிப் போய் ஹத்ரமௌத்தின் அரசியலையே மாற்றியது. ஹைதராபாத்தில் ஜமேதாராக இருந்த உமர் பின் அவத் அல்குஅய்த்தியின் பிள்ளைகள் 1867இல் ஷிஹ்ர் துறைமுகத்தையும், 1881இல் முகல்லாவையும் கைப்பற்றி ஒரு சுல்தானகத்தை அமைத்தார்கள். அது 1967 வரை இருந்தது. தக்காணத்தில் சம்பாதித்த சம்பளமும் வட்டியும் அரபிக்கடலின் அக்கரையில் ஒரு நாட்டை நிறுவியிருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும்.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்ததும் இந்தச் சமூகத்தின் நிலை தலைகீழானது. படை கலைந்தது, வேலை போனது. அரபுகளில் பலர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பலர் ஏமனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தலைமுறைகளாக இங்கேயே பிறந்து வளர்ந்து தங்கிவிட்டவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களை வெளிநாட்டவர் என்று நினைத்துச் சி படிவம் கேட்பது தவறு. 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது பார்க்காஸ் இளைஞர்கள் பலர் சவுதிக்கும் அமீரகத்துக்கும் போனார்கள். அரபி பேசத் தெரிந்ததும் உறவினர் அங்கே இருந்ததும் உதவின. இன்று முதியவர்கள் வீட்டில் அரபி பேசுவதும், பிள்ளைகள் தக்னி உருதுவில் பதில் சொல்வதுமாக இருக்கிறது. ‘பா’, ‘பின்’, ‘அல்’ என்று தொடங்கும் குலப்பெயர்கள், ஆண்கள் கட்டும் லுங்கி, கல்யாணத்தில் முழங்கும் மர்ஃபா மேளம், காலையில் ஹரீஸ் என்னும் கோதுமை இறைச்சிக் கூழ், இடையில் கஹ்வா பானம் எல்லாம் நிலைத்திருக்கின்றன. அந்தப் பேட்டையின் ஒரு பகுதிக்குச் சலாலா என்றே பெயர், ஓமான் நகரத்தின் பெயர்தான். மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத், நாந்தேட் பக்கம் ‘சௌஷ்’ என்று அறியப்படுகிறவர்களும் நிஜாம் படையின் அரபு வழியினரே.

சிகிச்சைக்கு வரும் அரபுக் குடும்பங்களுக்குச் சமைத்துக் கொடுக்க ஹரீஸ் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஹலீமும் அதுவும் ஒன்றா?
– மெஸ் நடத்துபவர், திருவல்லிக்கேணி

ஒன்றல்ல. ஹரீஸில் கோதுமை, இறைச்சி, உப்பு, நெய், மணத்துக்குக் கொஞ்சம் பட்டை. அவ்வளவுதான். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஹைதராபாத் ஹலீம் அதிலிருந்து வளர்ந்து, பருப்பும் மிளகாயும் கரம் மசாலாவும் சேர்ந்த வேறு பண்டம். நோயாளிக்கு ஹரீஸ்தான் ஏற்றது.

பத்துப் பேருக்கு: உமி நீக்கிய முழுக் கோதுமை ஒரு கிலோ, எலும்போடு ஆட்டுத் தொடை ஒரு கிலோ, தண்ணீர் ஆறு லிட்டர், விரல் நீளப் பட்டை இரண்டு, நெய் 200 கிராம். கோதுமையை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். இறைச்சியைத் தனியாகக் கொதிக்கவிட்டு நுரையை வழித்து எடுத்த பிறகு, ஊறிய கோதுமையும் பட்டையும் சேர்த்து அடிகனத்த பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் நான்கு மணி நேரம் விடுங்கள். எலும்பு தானாகக் கழன்று வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உப்புப் போட்டு, மத்தாலோ மரக்கட்டையாலோ இருபது நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் நூலாக இழுபட வேண்டும். நெய்யைச் சுடவைத்து மேலே ஊற்றிக் கொடுங்கள்.

கெடுவது மூன்று இடத்தில். கோதுமை ரவையைப் போட்டால் உப்புமாப் பதம்தான் வரும், இழை வராது. வெந்து முடிவதற்கு முன் அடித்தால் தோல் தனியாகப் பிரிந்து வாயில் உறுத்தும். நான்காவது மணி நேரத்தில் கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும், அந்தக் கருகல் வாசனை முழுப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும். மிக்சியில் அரைப்பது வேண்டாம், பசையாகிவிடும்.

சாதாரண நாளுக்கு ஈராக்கியர் காலையில் ரொட்டியும் கெட்டிப் பாலாடையும் முட்டையும் எதிர்பார்ப்பார்கள். சூடானியருக்கும் ஏமனியருக்கும் வேகவைத்து மசித்த ‘ஃபூல்’ பயறு இருந்தால் போதும். சூடானியர் அதில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வார்கள். உறைப்பு பற்றிக் கேட்டுச் செய்யுங்கள்: ஏமனியர் பச்சைமிளகாய்த் துவையல் கேட்பார்கள், ஈராக்கியர் மிளகாயைத் தொடவே மாட்டார்கள். சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டுக்கு அனுப்பும்போது உப்பை டயட்டீஷியன் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள். பார்க்க வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழம் கொண்டுவருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து. இதை அன்பாகச் சொல்லித் தடுக்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

வளைகுடாவிலிருந்து வந்த ஒருவருக்கு எங்கள் உறவுக்காரப் பெண்ணைக் கேட்கிறார்கள். தரகர் அவசரப்படுத்துகிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அவசரப்படுத்துகிறார் என்பதே நிறுத்துவதற்குப் போதுமான காரணம். சில வாரம் குடும்பம் நடத்திவிட்டு, ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவைத்த தலாக் தாளை விட்டுவிட்டுப் போகும் கல்யாணங்களால் ஹைதராபாத்தில் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை பாழாகியிருக்கிறது. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

வயது வந்த பெண், அவளுக்கும் விருப்பம் என்றால், மாப்பிள்ளையின் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சவுதிக் குடிமகன் வெளிநாட்டுப் பெண்ணை மணக்கத் தன் அரசின் அனுமதி பெற வேண்டும். அது இல்லாத கல்யாணத்தை வைத்து மனைவிக்கு அங்கே போக விசா கிடைக்காது. பிறக்கும் பிள்ளைக்கும் தகப்பன் நாட்டுப் பதிவு சிக்கலாகும். தூதரகத்திலிருந்து மணமாகாதவர் என்ற சான்றையும் அந்த அனுமதியையும் அசலாகக் கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்; இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்புக் கொடுத்து இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். நேர்மையான ஆள் காத்திருப்பார். இந்தக் காத்திருப்பே ஒரு நல்ல சல்லடை.

காயல்பட்டினத்துக்காரர்கள் நாங்களும் அரபு வழியினர்தானே? எங்களுக்கு ஏன் யாரும் அப்படிப் பெயர் சொல்வதில்லை?
– வாசகர், காயல்பட்டினம்

பாண்டியர் காலத்தில் குதிரையும் முத்தும் கைமாறிய துறைமுகம் உங்களுடையது. அரபு வணிகர் வந்து தங்கிப் பெண் எடுத்து ஊரோடு கலந்தது உண்மை. ஆனால் ஹத்ரமௌத்திலிருந்து ஹைதராபாத் வந்த ஹத்ரமிகளைப் போலத் தனிப்படையாக, தனிப்பேட்டையாக நீங்கள் நிற்கவில்லை. தமிழ் பேசி, தமிழையே அரபு எழுத்தில் அர்வியாக எழுதி, இந்த மண்ணின் மக்களாகவே ஆகிவிட்டீர்கள்.

எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஓமான் நோயாளி இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
– விடுதி மேலாளர், பெங்களூரு

நல்ல முன்யோசனை. ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் இறப்புக் காரணச் சான்று தருவார். விடுதி அறையில் இறந்தால் உடலை நகர்த்தாமல் முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள். விபத்தோ சந்தேகமோ இருந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கும். உடனே தூதரகத்துக்குத் தகவல் கொடுங்கள். குடும்பம் இருவழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இறப்புச் சான்று, போலீஸ் தடையில்லாச் சான்று, தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், உடல் பதப்படுத்திய சான்று, பெட்டி மூடிய சான்று ஆகியவை விமானச் சரக்குப் பிரிவில் வேண்டும். எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சரக்குப் பிரிவு நிறுத்திவிடும், அந்தத் திருத்தத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

இங்கேயே அடக்கம் செய்ய விரும்பினால் தூதரகத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வாரிசின் கடிதமும் வாங்கிக்கொண்டு பக்கத்து ஜமாஅத்தை அணுகுங்கள். இஸ்லாமிய வழக்கில் அடக்கத்தைத் தாமதிக்க மாட்டார்கள் என்பதால் குடும்பத்தார் பதறுவார்கள். எந்தத் தாள் எத்தனை மணிக்கு வரும் என்பதை அரபியில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பதற்றம் பாதி குறையும். உடன் வந்தவர்கள் பெண்களாக மட்டும் இருந்தால் ஜமாஅத்திலிருந்து ஒரு பெண்ணையும் வரவழையுங்கள்.

அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் மிச்சமிருக்கும் முன்பணத்தைக் கணக்குப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ஊர் போன பிறகு அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வாரிசுச் சான்றும் வங்கி ஆவணங்களும் கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். நாணய மாற்று ரசீதுகளை அவர்கள் கைப்பையில் வைத்துவிடுங்கள், மிச்ச ரூபாயை விமான நிலையத்தில் மாற்ற அவை தேவைப்படும். பிறகு உங்கள் சி படிவக் கணக்கில் எல்லோருடைய வெளியேற்றத்தையும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.